பிச்சைத்தம்பி பெயர் மாற்றிய கதை

வகுப்புச் சுவரில் இதை வாசிக்கும் மகாசனங்கள் அறிக! பிச்சைத்தம்பி என்ற நான் இன்று காலை முதல் இராசசேகரன். பழைய பெயருக்கு, துரை வந்து கூப்பிட்டாலும் திரும்பமாட்டேன்.

ஏழு வீட்டில் பிச்சை அரிசி வாங்கி வைத்த பெயராம். கிரானில் இதே பெயரில் ஒரு போடியார், பெரிய நிலக்காரர்; வயல் வட்டை முழுக்க அவர் நெல். ஏறாவூரில் ஒருவர் புடவைக்கடை முதலாளி. எனக்கு மட்டும்தான் பெயர் பலித்திருக்கிறது.

புதுப் பெயரை யாரும் சொல்லித் தரவில்லை. காலையில் கண் விழித்தபோது வாயில் இருந்தது.

இதுவரை காலையில் எழுதியது. பின்னேரம் பள்ளி விட்டுத் தோணியில் வரும்போது தோணிக்காரர் கேட்டார்: "ஆர்ர மகன் நீ? பேரென்ன?"

"கண்மணிட மகன், மாமா. இராசசேகரன்."

கம்பு ஊன்றிய கை அப்படியே நின்றது.

"அந்தப் பேரை உனக்கு ஆரு மனே சொன்ன?"

"ஒருத்தரும் இல்ல."

"அது உன்ர அண்ணன்ட பேரு. மூணு வயசில காய்ச்சலில போயிட்டான். இந்தத் தோணியிலதான் புதைக்கக் கொண்டு போனம். மறுகா நீ பிறக்க, எமன் உன்னைப் பிச்சைக்காரன் எண்டு விட்டுட்டுப் போகட்டும் எண்டுதான் உனக்கு அந்தப் பேரை வெச்ச."

எனக்கு அண்ணன் இருந்ததே தெரியாது. வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

காற்றே இல்லை. தோணி தானாக மெல்லத் திரும்பியது. நான் தண்ணீரைப் பார்க்கவில்லை.

கரை தட்டியதும் ஓடினேன். "அம்மா, பிச்சைத்தம்பி வந்திட்டன்!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

ஆகவே நண்பர்களே, இனி என்னைப் பிச்சை என்றே கூப்பிடுங்கள். கொஞ்சம் சத்தமாக.