தோடா என்ற ஒரு சொல்

வாசகரே, நீங்கள் அன்று அந்த அரங்கில் இல்லை. அதனால்தான் உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். அங்கிருந்தவர்கள் எல்லோரும் என்னோடு சேர்ந்து சிரித்துவிட்டார்கள். சிரித்தவர்கள் சாட்சி சொல்ல முடியாது.

சென்ற ஆண்டு பொங்கல் விழாவை ஒட்டி, போர்ட் பிளேரில் எங்கள் கல்லூரி அரங்கில் நடந்தது இது. பள்ளிப் பருவம் முதல் மேடையில் வளர்ந்தவன் நான். அரசுப் பணிக்காக மெயின்லேண்டிலிருந்து இத்தீவுக்கு வந்த என் தந்தை, வந்த இடத்தில் மகன் தமிழை இழந்துவிடக் கூடாது என்று என்னைக் கண்ணாடி முன் நிறுத்திப் பேசப் பழக்கினார். நடுவே ஓர் இந்திச் சொல் விழுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கித் தொடங்கியே கோப்பைகள் வாங்கினேன். கோப்பைகளோடு கொஞ்சம் கர்வமும் வாங்கினேன்.

பட்டப்படிப்பில் நான் எடுத்த துணைப்பாடம், ஐரோப்பாவின் இடைக்கால, மறுமலர்ச்சிக்காலப் பண்பாடுகள். புரோத்ராபூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், "இதைப் படிச்சா எந்த ஆபீஸ்ல தம்பி எடுத்துக்குவாங்க?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். எனக்கோ அந்தப் பாடத்தின் மேல் தீராத காதல். ஐந்து பேர் சேர்ந்தால்தான் அது நடக்கும் என்பது கல்லூரியின் விதி. நாங்கள் சரியாக ஐந்து பேர்.

பொங்கல் விழாவில் பட்டிமன்றம் வைப்பதென முடிவானபோது தலைப்பை நானே கொடுத்தேன்: மறுமலர்ச்சியை வளர்த்தவர்கள் ஏட்டறிஞர்களா, துறைமுக மக்களா? அறிஞர்களுக்காக நான். எதிரணிக்கு ஆள் வேண்டுமே! எங்கள் ஐவரில் என்னைத் தவிர்த்துத் தமிழ் பேசுபவர் ஒருவர்தான்: நடு அந்தமானில் உள்ள ரங்கத் என்ற ஊரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு மாணவி. வகுப்பில் வாய் திறக்காதவர். "எனக்கு மேடை எல்லாம் வராதுங்க" என்று இரண்டு முறை மறுத்தவரை, நான்தான் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், அவர் நன்றாகப் பேசினார். மத்தியதரைக் கடலின் துறைமுகங்களில் மாலுமிகளும் வணிகர்களும் பல மொழிகளைக் கலந்து ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டதைச் சொன்னார். அது யாருக்கும் தாய்மொழி இல்லை. ஆனால் எல்லோருக்கும் புரிந்தது. சரக்கும் செய்தியும் மருந்துக் குறிப்பும் அந்தப் பேச்சில் ஏறித்தான் கரை மாறின என்றார். பிறகு காகிதத்திலிருந்து தலை நிமிர்த்தி, "நம்ம போட் ஜெட்டியில தினம் நடக்கிறதுதானே இது? தோடா யோசிச்சுப் பாருங்க" என்றார்.

தோடா என்றால் இந்தியில் கொஞ்சம். தீவில் பிறந்த தமிழர் வாயில் அது ஒரு நாளைக்கு நூறு முறை வரும். அந்தச் சொல்லுக்காகவே நான் காத்திருந்ததுபோல் ஒலிவாங்கியைப் பிடித்தேன்.

"எதிரணித் தோழி 'தோடா' என்கிறார். தமிழரிடம் தோடு உண்டு, அது காதில் இருக்கும். நாவில் தொங்கும் தோட்டை இன்றுதான் காண்கிறேன்! அவையோரே, நான் பேசுவது கேபின் தமிழ். இவர் பேசுவதோ பங்க் கிளாஸ் தமிழ்!"

சென்னைக் கப்பலில் வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பங்க் கிளாஸ் என்பது கப்பலின் அடித்தளம். அடுக்கடுக்காகப் படுக்கைகள், டீசல் வாடை, இருப்பதிலேயே மலிவான சீட்டு. அரங்கம் அதிர்ந்தது. நடுவரும் கண்ணீர் வரச் சிரித்தார். கோப்பை எனக்கு வந்தது. அந்தப் பெயர் அவருக்குப் போனது. மறுநாளே கேண்டீனில் ஒருவன், "ஏ பங்க் கிளாஸ், தோடா சாம்பார்!" என்று கூவினான். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் பேராசிரியர் என்னை அழைத்தார். அந்த மாணவி துணைப்பாடத்தை மாற்றக் கேட்டு விண்ணப்பம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாராம். வெள்ளிக்கிழமைக்குள் அதைத் திரும்பப் பெறாவிட்டால் நான்கு பேருக்காகப் பாடம் நடக்காது. நான் ரங்கத்துக்குப் புறப்பட்டது அதனால்தான். மனம் வருந்திப் போனேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் சாட்சியிடம் பொய் சொல்லக் கூடாது. என் பாடத்தைக் காப்பாற்றப் போனேன்.

ட்ரங்க் ரோட்டில் வளைவுகளுக்குப் பஞ்சமில்லை. வழி நெடுக மன்னிப்புரை ஒன்றை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தபடியே போனேன். பேருந்தையே படகில் ஏற்றி நீரிணையைக் கடந்தோம். ரங்கத்தில் இறங்கியதும் சாலை ஓரத்திலேயே வாந்தி எடுத்தேன். கண்கள் இருட்ட, பஜாரில் ஒரு காய்கறிக் கடையின் கவிழ்த்த கூடை மேல் உட்கார்ந்துவிட்டேன். கடைக்கார அம்மா எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, உப்புப் போட்டு ஒரு தம்ளரை நீட்டினார்.

"மூச்சு விட்டு மெதுவா, தம்பி. தோடா குடிங்க."

தம்ளர் என் கையிலேயே நின்றுவிட்டது.

ஏழு வயதில் இத்தீவுக்கு முதன்முதலாக வந்த பயணம் நினைவுக்கு வந்தது. அலையில் கப்பல் ஆட, அப்பாவும் அம்மாவும் தலை தூக்க முடியாமல் கிடந்தார்கள். நான் வாந்தி எடுத்து எடுத்துத் துவண்டிருந்தேன். அடுத்த படுக்கையில் ஒரு தெலுங்குப் பெண்மணி. அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தமிழ் தவிர எதுவும் தெரியாது. தண்ணீரை நீட்டி அவர் மொழியில் சொன்னார், இந்தியில் சொன்னார். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். அவர் எழுந்து போனார். படுக்கை வரிசைகளுக்கு நடுவே யாரோ ஒரு தமிழரைத் தேடிப் பிடித்து, ஒரே ஒரு சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"தோடா குடி, கண்ணா."

'குடி' புரிந்தது. குடித்தேன். கரை சேரும்வரை தோடா, குடி என்ற இரண்டு சொற்களால்தான் அவர் என்னைக் காப்பாற்றினார். ஆம் வாசகரே, அது பங்க் கிளாஸ். அப்பாவுக்குப் பதவி உயர்ந்து கேபின் கிடைத்த பிறகு, நாங்கள் எப்போதும் கேபினில்தான் வந்தோம் என்று பள்ளியில் சொல்லத் தொடங்கியவன் நான். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டிருந்தேன்.

"அட, தலைவரே! மைக் எங்க?"

நிமிர்ந்தேன். சுரைக்காய் மூட்டையோடு அந்த மாணவி நின்றிருந்தார். அது அவர்கள் கடைதான். நான் எழுந்து, ஒத்திகை பார்த்த உரையை எடுத்தேன். "தோழி, அன்று அவையில் நான் உதிர்த்த சொற்கள்..."

"உதிர்த்தீங்களா? எறிஞ்சீங்க."

காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு வங்காளி அம்மா, யார் இந்தப் பையன் என்று இந்தியில் கேட்டார். "காலேஜ் கா நேதா, மாஷி. பாஷன் தேனே ஆயா ஹை" என்றார் இவர். தலைவர் சொற்பொழிவாற்ற வந்திருக்கிறாராம்! அந்த அம்மா என் முகத்தைப் பார்த்து, முதலில் உட்கார வை, விழுந்துவிடப் போகிறான் என்றார். மறுபடியும் கூடையில் உட்கார்ந்தேன்.

"அந்தத் தம்பி இவருதானா?" என்று கடைக்கார அம்மா மகளைக் கேட்டார். "தெரிஞ்சிருந்தா இன்னும் ஒரு கை உப்பு அள்ளிப் போட்டிருப்பேனே!"

மகள் சிரிக்கவில்லை. "அஞ்சாவது ஆள் குறையுதுன்னுதானே வந்தீங்க?"

"ஆமாம்" என்றேன். வாழ்நாளில் நான் கொடுத்த மிகச் சுருக்கமான மறுமொழி அதுதான்.

அவர் மூட்டையை இறக்கி வைத்தார். "பங்க் கிளாஸ்னு சொன்னதுல எனக்குக் கோபம் இல்ல. நாங்க அதுலதான் போறோம், வர்றோம். ஆனா அந்தத் துறைமுகப் பேச்சைப் பத்திப் படிச்சப்ப, நம்மளப் பத்தியும் யாரோ புக்ல எழுதியிருக்காங்கன்னு இருந்துச்சு. அதனாலதான் அந்தப் பாடத்தை எடுத்தேன். மொதல் தடவையா வாயத் தொறந்தேன். இனிமே நான் அந்த வகுப்புல என்ன பேசினாலும், எல்லாருக்கும் தோடுதானே ஞாபகம் வரும்?"

மக்கள் பேச்சை இகழ்ந்த லத்தீன் பண்டிதர்களின் செருக்கைக் கண்டித்து, முந்தைய தேர்வில் நான்கு பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அந்தப் பண்டிதன் வேட்டி கட்டி எங்கள் கல்லூரி மேடையிலேயே நின்றிருக்கிறான். எனக்குத்தான் அடையாளம் தெரியவில்லை.

ஒத்திகை பார்த்த உரையை விட்டுவிட்டேன். கப்பலையும் தெலுங்குப் பெண்மணியையும், தட்டுத் தடுமாறி, எந்த வரிசையும் இல்லாமல் சொன்னேன். நடுவில் "சீட்டு", "படுக்கை" என்று திணறியபோது, "பெர்த்னு சொல்லுங்க, பரவாயில்ல" என்றார். அதற்குள் அவர் வங்காளி அம்மாவுக்கு வெண்டைக்காய் நிறுத்து, ஒரு மலையாளி டிரைவருக்கு மலையாளத்திலேயே மறுமொழி சொல்லி, என் கதையிலும் ஒரு சொல் விடாமல் கேட்டு முடித்திருந்தார்.

"இதை இங்க சொல்லி என்ன? அம்மாவும் மாஷியும் அன்னிக்குச் சிரிக்கலையே" என்றார் கடைசியில். "சிரிச்சவங்க முன்னாடி சொல்லுங்க. அதே மேடை, அதே மைக். எழுதி வெச்சுப் படிக்கக் கூடாது. அப்புறம் பாக்கலாம்."

வெள்ளிக்கிழமை காலை, வாராந்திரக் கூட்டத்தில், அதே மேடையில் ஏறினேன். கையில் காகிதம் இல்லை. மூன்றாம் வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார்; பேராசிரியரின் மேசையில் விண்ணப்பம் இன்னும் இருந்தது. பங்க் கிளாஸில் வந்த சிறுவனைப் பற்றிச் சொன்னேன். தொடக்கத்தில் ஒருவன் விசில் அடித்தான். தமிழ் தெரியாத ஒருவர் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடிப் போன இடத்துக்கு வந்தபோது அரங்கத்தில் சத்தம் நின்றிருந்தது. பிற்பகல் வகுப்புக்கு நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். இந்தப் பருவம் முடிகிற இன்றுவரை ஐந்து பேர்தான். அதிகமாகக் கை தூக்குபவர் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பெயர் தெரியாத தெலுங்குப் பெண்மணிக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. எனக்காக அவர் தம் மொழியைவிட்டு எழுந்து நடந்த அந்தச் சில அடிகளுக்கு ஈடாக நான் எந்த மேடையிலும் எதுவும் பேசிவிடவில்லை. அந்த வெள்ளிக்கிழமை காலை, மேடையை விட்டு இறங்குவதற்கு முன் ஒலிவாங்கியில் உரக்கச் சொன்ன உறுதிமொழிதான் அவருக்கு நான் செலுத்தும் நன்றி. கண்ணாடி முன் நின்றிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும், ஆனாலும் சொன்னேன்:

"எனக்குப் புரியணும்னு ஒருத்தர் எந்தச் சொல்லைக் கொண்டு வந்தாலும், இனிமே அதை வெச்சுச் சிரிக்க வைக்க மாட்டேன். பழகின வாய். தோடா டைம் குடுங்க."