பூவரசில் கட்டிய சிவப்புத் துணி

நல்லம்மாளுக்கு அன்றைக்கு வந்த கோபத்துக்குக் குடிசைக் கூரை பறக்காமல் நின்றதே பெரிது. வராமல் என்ன செய்யும்? கட்டிய புருஷனே வாயை மூடிக்கொண்டு குடியிருந்த இடத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

புருஷன் ரெங்கசாமி சர்வேக்காரர்களுக்குச் சங்கிலி இழுக்கிறவன். கிள்ளான் பட்டணத்துக்குக் கீழே, கடலோரச் சேற்றுக்காட்டில் எந்த மண்ணில் எந்த மரம் நிற்கிறது என்று படம் எழுதினார்கள். ரெங்கசாமி இரும்புக்குழலை இறக்கி மண் எடுப்பான். கொழகொழவென்று கருஞ்சேறு வந்தால் பாக்காவ் என்கிற அலையாத்தி மரக்காடு. உருட்டினால் உருளுகிற களிமண் வந்தால் மேட்டுநிலம். சேறு முடிகிற இடத்து மரத்தில் சிவப்புத் துணி கட்டுவான். பின்னால் படம் எழுதிக்கொண்டு வருகிற கிராணி வாலண்டைன் துணியைப் பார்த்துக் கோடு போடுவார். கோட்டுக்குக் கடல் பக்கம் சர்க்கார் காடு. அங்கே ஒருவரும் குடியிருக்கக் கூடாது.

குடிசைக்கு முன்னால், கடல் பக்கம், ரெங்கசாமி கட்டிய துணி காற்றில் போய்விட்டது. பின்னால் மேட்டில் ஒரு பூவரசு. மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது, அவள் எழுந்து தலைக்கு எண்ணெய் வைக்கும் வரை அவிழ்ப்பதில்லை என்று முனியாண்டிக்கு நேர்ந்து நல்லம்மாள் அதில் கட்டியதும் சிவப்புத் துணிதான். வாலண்டைன் அதைப் பார்த்துக் கோட்டை இழுத்துவிட்டார். குடிசை காட்டுக்குள் போயிற்று. ரெங்கசாமி பக்கத்திலேயே நின்றான்.

"தெரிஞ்சும் ஏன்யா வாயத் தெறக்கல?"

"கிராணி கோவக்காரரு புள்ள. வேல போயிடும்."

"வீடு போனா பரவால்லையோ?"

"நாளைக்கு இன்னொருக்கா பாக்க வருவாரு. நீ துணிய அவுத்துடு, முன்னால ஒண்ணு கட்டிடுறேன். யாருக்குத் தெரியப்போவுது?"

அவிழ்ப்பதாம்! உள்ளே பிள்ளை இன்னும் அனலாய்க் கிடக்கிறது.

மறுநாள் வாலண்டைன் வந்ததும் நல்லம்மாள் மரத்தடியில் போய் நின்றாள்.

"ஐயா, இது சாமி துணி. நான் கட்டினது."

"அப்ப அவுத்துடு லா. துணிதானே!"

"ஒங்க மாதா கழுத்து மாலைய அவுக்கச் சொன்னா அவுப்பீங்களா?"

அவர் முகம் சிவந்தது.

"என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிற? கொழல எறக்கு!" என்று புருஷனிடம் சீறினாள்.

ரெங்கசாமி இறக்கினான். பூவரசடியில் கெட்டிக் களிமண். குடிசை வாசலிலும் அதுவே.

"அவ கட்டினதுதான் ஐயா. தெரிஞ்சும் நான் சொல்லல" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

வாலண்டைன் அவனைக் கண்டபடி ஏசினார். ஏசிக்கொண்டே பழைய கோட்டை அழித்துக் குடிசைக்கு முன்னால் புதிதாகப் போட்டார்.

பிள்ளை பிழைத்தது. அதன் தலைக்கு எண்ணெய் வைத்த அன்று நல்லம்மாள் தன் கையாலேயே துணியை அவிழ்த்தாள். புருஷன்மேல் இருந்த கோபத்தை மட்டும் அவிழ்க்கவில்லை. சோற்றுத் தட்டைத் தரை அதிர வைப்பாள்.

"கொழம்பு?" என்பான்.

"போ, ஒங்க கிராணிகிட்ட கேளு."