யாரும் பார்க்காத சுவர்

என் வீட்டு நடு அறையின் வெளிச்சத்தை அடைத்த மனிதர் வருஷத்துக்கு இரண்டு முறை, பொங்கலுக்கு முன்னாலும் ஆடிக் கிருத்திகை முடிந்த பிறகும், சுண்ணாம்பு வாளியோடு எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் சந்துக்குள் ஒருக்களித்து நுழைவார். சந்து ஒன்றரை அடி. மூன்றடி விடுகிறேன் என்று பூமி பூஜை அன்று என் எதிரில்தான் சொன்னார். எழும்பியது இரண்டு மாடிச் சுவர். அந்த அறைக்கு இருந்ததோ ஒரே ஜன்னல். பன்னிரண்டு வருஷமாக ஜெகநாதனோடு எனக்குப் பேச்சு இல்லை.

பொதட்டூர்பேட்டைத் தடத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காவடிக் கூட்டத்தில் புகுந்து டிக்கெட் போட்ட உடம்பு. வயிற்றை எக்கினால் எந்த இடுக்கிலும் போகும். "உள்ள போ நைனா, உள்ள எடம் கீது, போ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே நகர்வார். மூங்கில் கழியின் முனையில் பிரஷ். வேலை முடிந்தால் உதட்டைக் குவித்து இரண்டு விசில், வண்டி கிளம்பலாம் என்பதுபோல.

தெருவைப் பார்த்த அவர் முன்சுவர் பாசி பிடித்து, காரை உதிர்ந்து கிடக்கிறது. யாரும் பார்க்காத இந்தச் சுவருக்கு மட்டும் வருஷத்துக்கு இரண்டு தடவை வெள்ளை. என்னை வெறுப்பேற்றத்தான் என்று நினைத்தேன். அவர் நுழைந்ததுமே ஜன்னலைப் படார் என்று சாத்துவேன். ஒரே ஒரு தடவை வாய் திறந்தேன்: "தெறிக்குது, கண்ணு தெரியல?" அவர் எங்கள் ஜன்னல் கம்பியில் விழுந்த சொட்டைத் தோள் துண்டால் துடைத்துவிட்டு நகர்ந்தார்.

போன மார்கழியில் சந்துக்குள் வழுக்கி விழுந்தார். சத்தம் கேட்டு ஓடியவன் நான்தான். இடுப்பெலும்பு போயிருந்தது. எப்படியோ வெளியே இழுத்துக் கிடத்தினேன். அந்த வலியிலும் அவர் சொன்னது இதுதான்: "மேல ரெண்டடி பாக்கி நிக்குது நைனா. அங்க வெயில் பட்டாத்தான் கீழ உங்கூட்டு ஜன்னலுக்கு எறங்கும்."

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து பத்மாவிடம் கேட்டேன். என் மனைவி அந்த ஜன்னல் ஓரம்தான் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள்.

"இன்னாய்யா, இப்பதான் தெரியுதா? அந்தச் செவுரு வெள்ளையா இருந்தாத்தான் எனக்கு ஊசியில நூல் போவுது. அண்ணன் டூட்டிக்குப் போனப்ப மேஸ்திரி அஸ்திவாரக் கயித்தை நம்ம பக்கமா தள்ளிக் கட்டிட்டான். இடிச்சுக் கட்ட வக்கு இல்லம்மா, என்னால ஆனதைச் செய்றேன்னு அன்னிக்கே சொல்லிச்சு."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா ஜன்னலுக்கு ஆணி அடிச்சிருப்ப."

அடித்துத்தான் இருப்பேன். நடுத்தெருவில் நின்று அந்த மனிதரின் மூன்று தலைமுறையையும் இழுத்துத் திட்டியவன் நான். அவர் மகள் கல்யாணப் பத்திரிகையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பியவன்.

மீதி இரண்டடிக்கு நானே வெள்ளை அடித்தேன். பாதிச் சந்தில் என் தொப்பை மாட்டிக்கொண்டது. பத்மா ஜன்னல் வழியாகச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் ஜெகநாதன் வாக்கரை ஊன்றிக்கொண்டு என் வாசப்படிக்கு வந்தார். இனிமேல் சந்துப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நடு அறையில் பத்மா நாற்காலி போட்டாள். மன்னிப்புக் கேட்க நினைத்து வாயெடுத்தேன்; "காப்பி குடிக்கிறீங்களா?" என்றுதான் வந்தது. அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். என்னைப் பார்க்கவே இல்லை. தலைக்கு மேல் எரிந்துகொண்டிருந்த டியூப்லைட்டை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"இத்தினி வருசம் வெளிய நின்னே அடிச்சிகினு இருந்தேன். உள்ள எவ்ளோ வருதுன்னு ஒரு நாளும் பார்த்ததில்ல."

மடியில் கிடந்த கையை எடுத்து, ஜன்னல் பக்கமாக உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டார்.

"அந்த லைட்டைக் கொஞ்சம் அணை நைனா."