கதவுத் தாழ்ப்பாள்: நன்று

பத்தாவதுக்கு மேல் படிக்காதவள் நான். கம்பெனி நோட்டில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வருஷக்கணக்காக எதையும் எழுதியதில்லை. நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டு முறை வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அதை எங்காவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வருகிற பீஸை மேசையில் விரித்து ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் பார்க்க வேண்டும். தப்பு இருக்கிற இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளி வைத்துவிட்டால் போதும். தைத்தவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தான் அந்த வேலை எனக்கு ஒத்துவந்தது. ஆளைப் பார்த்து இது சரியில்லை என்று சொல்ல எனக்கு எப்போதுமே வராது. கடைக்காரர் அழுகின தக்காளியைச் சேர்த்துப் போட்டாலும் பேசாமல் வாங்கி வந்து வீட்டில் பொறுக்கி எறிவேன்.

என் மகளுக்குக் கோயமுத்தூரில் மலைப் பக்கம் இருக்கிற ஒரு காலேஜில் இடம் கிடைத்தது. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். ஹாஸ்டலில் சேர்க்க வேண்டிய அன்று லோடு ஏற்றிப் போய்விட்டார். நானும் மகளும்தான் ஒரு பெட்டி, ஒரு பக்கெட், புதிதாக வாங்கிய சென்னிமலை பெட்ஷீட் இரண்டு, இவற்றை எடுத்துக்கொண்டு காந்திபுரத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துப் போனோம். ஆடி மாதம். காற்றுக்குக் குடை நிற்கவில்லை.

வார்டன் அம்மாவுக்கு என்னைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, உட்காரச் சொல்லி, காப்பி வரவழைத்துக் கொடுத்தார். அவருடைய அம்மா வீடும் எங்கள் பக்கம்தானாம். எடுத்த எடுப்பில் அக்கா என்று கூப்பிட்டார். பிறகு ஒரு தாளைக் கொடுத்தார். கட்டில், மெத்தை, மேசை, அலமாரி, ஃபேன், ஜன்னல், தாழ்ப்பாள் என்று வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே நன்று, பழுது என்று இரண்டு கட்டம். அறையைப் பார்த்து டிக் அடித்து, கீழே பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். பின்னால் ஏதாவது உடைந்திருந்தால் அந்தத் தாளை வைத்துத்தான் பார்ப்பார்களாம்.

"எங்கம்மா செக்கிங்ல இருக்கறாங்க மேம். உட்டா ரூம் பூராவும் ஸ்டிக்கர் ஒட்டிப்போடுவாங்க" என்றாள் என் மகள். அவளுக்கு என் வேலையைப் பற்றிச் சொல்வதில் ஒரு பெருமை இருந்தது.

வார்டன் சிரித்தார். "ஏனுங்க அக்கா, பாத்துங்க. எனக்கு வேலை வெச்சுப்போடாதீங்க."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்கு அது மனதில் விழுந்துவிட்டது.

அறை இரண்டாவது மாடியில் கடைசி. பக்கத்தில் மொட்டை மாடிக்குப் போகிற படி. தண்ணீர்த் தொட்டி பார்க்கிறவர்கள், ஒயர் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் வழி. பக்கத்து அறையில் ஒரு அம்மா மெத்தையைப் புரட்டி, குழாயைத் திறந்து மூடி, ஒவ்வொன்றுக்கும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்த ஆயா எனக்குக் கேட்கும்படியாகவே, "பொண்ணு பாக்க வந்தவங்ககூட இப்புடிப் பாக்க மாட்டாங்க. அந்தப் புள்ளை மூணு வருசம் எப்படித்தான் பொழைக்குமோ" என்றாள். எனக்குக் கூசியது. என் மகளை யாரும் அப்படிச் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தேன்.

கட்டில், மெத்தை, ஃபேன் எல்லாம் நன்றாகவே இருந்தன. கதவைச் சாத்தி மேல் தாழ்ப்பாளைப் போட்டேன். காற்று ஒரு தள்ளுத் தள்ளியதும் கதவு திறந்துகொண்டது. தாழ்ப்பாள் போய் உட்காருகிற இடத்தில், நிலையின் மரம் ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. இன்னொரு முறை போட்டுக் கையால் தள்ளிப் பார்த்தேன். அப்போதும் திறந்தது. பிளவுக்குள்ளேயும் பச்சைப் பெயிண்ட் போயிருந்தது. அதாவது கடைசியாகப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே உடைந்தது. இந்த மாதிரி விஷயங்கள் என் கண்ணில் தப்பாது. வேலையே அதுதானே.

மகள் பேனாவோடு நின்றாள். "பழுதுன்னு போடட்டுமா மா?"

"வேண்டாங்கண்ணு. முதல் நாளே எதுக்கு. அப்பறமா அவங்ககிட்டத் தன்மையாச் சொல்லிக்கலாம்."

"பழுது இருந்தா எழுதத்தானம்மா தாளே குடுத்திருக்காங்க."

நான் அவள் கையிலிருந்து பேனாவை வாங்கினேன். நன்று என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். எல்லாவற்றுக்கும் வரிசையாக. கீழே கையெழுத்துப் போட்டேன். தாளை ஆபீசில் கொடுத்தபோது வார்டன், உங்களை மாதிரி நாலு பேர் இருந்தால் போதுங்க அக்கா என்றார். அந்தப் பேச்சு பஸ்ஸில் வீடு வரும் வரைக்கும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

அப்பறமாச் சொல்லிக்கலாம் என்றேனே, நான் சொல்லவில்லை. மகள் போனில் இரண்டு மூன்று தடவை கேட்டாள். தீபாவளிக்கு உன்னைக் கூட்டிப்போக வரும்போது சொல்கிறேன் என்றேன். தீபாவளிக்கு அவளே பஸ் ஏறி வந்துவிட்டாள். அறையில் கூட இருக்கும் பெண்ணுக்கு ஊர் கொடுமுடி. அந்தப் பெண் சனிக்கிழமை ஊருக்குப் போனால் இவள் மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுப்பாளாம். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

கார்த்திகையில் ஒரு நாள் வார்டன் போன் செய்தார். உங்கள் மகள் அறையில் தாழ்ப்பாளை உடைத்துவிட்டாள், மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறாள், பெற்றோரும் வந்து அதில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வழக்கம்போல அக்கா என்றே சொன்னார். அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். ஆபீசுக்குப் போவதற்கு முன்னால் மரத்தடியில் நிறுத்தி நடந்ததைச் சொன்னாள். தலைக்குக் குளித்துவிட்டுத் துணி மாற்றிக்கொண்டிருந்தாளாம். மேலே ஒயர் வேலைக்கு வந்தவர், எந்தக் கதவு என்று தெரியாமல் தள்ளியிருக்கிறார். கதவு திறந்துவிட்டது. அந்த மனுஷனே பதறிப்போய், தெரியாம வந்துட்டனுங்க என்று திரும்பி ஓடிவிட்டாராம். இவள் அழுதுகொண்டே வார்டனிடம் போய், தாழ்ப்பாள் முதலிலிருந்தே சரியில்லை என்று சொல்லியிருக்கிறாள். வார்டன் அந்தத் தாளை எடுத்து வைத்து, நாலைந்து பெண்கள் நிற்கும்போதே கேட்டிருக்கிறார், நன்றாக இருக்கிறது என்று உங்கம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே, அப்படியானால் உங்கம்மா பொய் எழுதினார்களா என்று.

"நீ என்ன சாமி சொன்ன?"

"நாந்தான் வேகமா இழுத்து ஒடச்சுட்டேன்னு சொல்லிட்டேன்."

"நான் வந்து சொல்றேன். பெயிண்டுகூட உள்ள போயிருக்குது. பாத்தா அவங்களுக்கே தெரியும்."

"வேண்டாம்மா. சொன்னா உன்னைப் பொய்க்காரின்னு நெனப்பாங்க. என்னைய ஏற்கெனவே அப்படி நெனச்சுட்டாங்க. ஒருத்தரோட போகட்டும்."

கோபித்துச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு பெரிய மனுஷி சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

அவள் என்ன சொன்னாலும் உள்ளே போய்ச் சொல்லிவிடுவது என்றுதான் நடந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வார்த்தையைக் கூட்டி வைத்துக்கொண்டேன். தப்பு என் மேலதானுங்க, அது முதல்லயே பழுதுங்க. அவ்வளவுதான். ஒரு வரி.

வார்டன் எழுந்து நின்று உட்காரச் சொன்னார். காப்பி வந்தது. பிள்ளைகள் என்றால் அப்படித்தான், நீங்கள் வருத்தப்படாதீர்கள், ஒத்துக்கொண்டாளே, அதுவே பெரிசு என்றார். கடிதத்தை என் பக்கம் நகர்த்தினார். என் கவனக்குறைவால் தாழ்ப்பாள் உடைந்துவிட்டது, இனி இப்படி நடக்காது என்று மகளின் கையெழுத்தில் இருந்தது. அவள் எழுத்து எப்போதும் குண்டு குண்டாக அழகாக இருக்கும். அன்றைக்கும் அழகாகத்தான் இருந்தது.

நான் வாயைத் திறந்தேன். வார்டன், சொல்லுங்க அக்கா என்றார். மகள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காப்பி நல்லா இருக்குதுங்க" என்றேன்.

பிறகு கையெழுத்துப் போட்டேன். ஆடி மாதம் போட்ட அதே கையெழுத்து.

மகள் பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன், சாப்பிட்டேன் என்றாள். வெள்ளிக்கிழமை வருகிறாயா என்று கேட்டேன். படிக்க நிறைய இருக்கிறது, இனி மாதம் ஒரு தரம் வருகிறேன் என்றாள். பஸ் வந்தது. என் பையில் கம்பெனி ஸ்டிக்கர் அட்டை ஒன்று இருந்தது. டிக்கெட்டுக்குக் கை விட்டபோது அதுதான் முதலில் கைக்கு வந்தது.

அவளிடம் இன்னும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் கடிதம் அங்கே ஃபைலில் இருக்கும். தாழ்ப்பாள் பழுதாகத்தான் இருந்தது. என் மகள் உடைக்கவில்லை.

நான் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு வந்த மறுநாள் காலை ஆசாரி வந்து நிலையில் புது மரம் வைத்துத் தாழ்ப்பாளைச் சரிசெய்துவிட்டுப் போனதாக வார்டனிடமிருந்து மெசேஜ் வந்தது. அரை மணி நேர வேலைதானாம். எனக்கு அன்று சாயங்காலம் வரை குழந்தைகள் சட்டை செக்கிங் இருந்தது.