அடுப்பை அணைக்கும் தெரு

எங்கள் தெருவை இடித்த அன்று நான் அழவில்லை. அழுதவர்களைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு வீட்டில் குளித்தால் அடுத்த வீட்டுச் சுவர் ஊறும். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தால் தெரு முழுக்க ரெண்டு கட்சியாகப் பிரிந்து நியாயம் பேசும். மழை பெய்தால் ஓடைத் தண்ணீர் கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வரும். அப்படிப்பட்ட இடம் போனதற்கா இத்தனை ஒப்பாரி என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

சிவகாசியில் நாரணாபுரம் போகிற பக்கம், ஓடையை ஒட்டிய புறம்போக்கில், எதிரும் புதிருமாக இரண்டு வரிசை வீடுகள். அவ்வளவுதான் தெரு. காலையில் கம்பெனி வேன் முக்கில் வந்து ஹாரன் அடித்தால் பாதித் தெரு காலியாகிவிடும். பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பள்ளிக்கூடத்தில் டீச்சர், அம்மா எங்கே வேலை பார்க்கிறாள் என்று கேட்டபோது நானும் ஆபீஸ் என்றேன். அந்த டீச்சர் வெளியூர்க்காரர். அம்மா என்னைக் கூப்பிட வந்தபோது, மரியாதையாக நாற்காலி எடுத்துப் போடச் சொன்னார். காது மடலில் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பவுடர் மின்ன, அம்மா அதன் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பவுடர் எவ்வளவு தேய்த்தாலும் முழுசாகப் போகாது. தலையணையில் இருக்கும், சோற்றுத் தட்டின் விளிம்பில் இருக்கும்.

தெருவுக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. எங்கேயாவது ஆபீஸில் வெடித்த சத்தம் கேட்டால், தீபாவளிச் சத்தம் இல்லை, தரை வழியாகக் காலுக்கு வருமே அந்தச் சத்தம், வீட்டில் இருப்பவர்கள் முதலில் அடுப்பை அணைப்பார்கள். சோறு பாதி வெந்திருந்தாலும் சரி, குழம்பு கொதித்துக்கொண்டிருந்தாலும் சரி. அணைத்துவிட்டு அவரவர் வாசலில் வந்து நிற்பார்கள். வேலைக்குப் போனவர்கள் வேனிலும் லாரியிலும் ஓட்டமும் நடையுமாகவும் வந்து சேர்வார்கள். ஒரு வீட்டு ஆட்கள் எல்லாரும் வந்ததும் அந்த வீட்டுக்காரி தெருவைப் பார்த்து, எங்கள் வீடு வந்தாச்சு என்பாள். கடைசி வீடும் அதைச் சொல்கிற வரை யாரும் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. தன் வீடு வந்துவிட்டதே என்று உள்ளே போய்விடவும் கூடாது. இதை யார் ஆரம்பித்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

எனக்கு அந்தப் பழக்கம் பிடிக்காது. எங்கள் வீட்டில் எல்லாரும் வந்த பிறகும் நான் எதற்காகப் பசியோடு நிற்க வேண்டும்? ஒரு நாள் அம்மாவிடம் வாய்விட்டே கேட்டுவிட்டேன். எதிர்வீட்டு அத்தை காதில் அது விழுந்துவிட்டது. சொந்தமெல்லாம் இல்லை, அவள் அம்மாவை மதினி என்பாள், அதனால் எனக்கு அத்தை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த பொரிகடலையை என் கையில் கொட்டி, கடித்துக்கொண்டே நில், ஆனால் நிற்கத்தான் வேண்டும் என்றாள்.

ஒரு தடவை எங்கள் வரிசையின் கடைசி வீடு வந்தாச்சு என்று சொல்லவே இல்லை. அந்த வீட்டு மருமகள் அந்தத் தையில்தான் கல்யாணமாகி வந்தவள். வெம்பக்கோட்டைப் பக்கம் ஓர் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். இருட்டுகிற வரை மாமியார் வாசலில் நின்றாள். மற்றவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு கூடவே நின்றார்கள். காரியம் முடிகிற வரை எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் சமைக்கவில்லை. பக்கத்துத் தெருக்காரர்கள்தான் அண்டாவில் சோறு கொண்டு வந்தார்கள். பழக்கம் எதற்கென்று எனக்கு அப்போது கொஞ்சம் புரிந்தது. புரிந்தும் பிடிக்கவில்லை. இந்தச் சத்தம் கேட்காத இடத்துக்குப் போய்விட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

படித்தேன். அச்சாபீஸில், பட்டாசுப் பெட்டிக்குக் கம்ப்யூட்டரில் லேபிள் போடுகிற வேலைக்குப் போனேன். தெரு இருக்கிற இடத்தில் கடை வளாகமும் அகலமான ரோடும் வரப்போவதாக அளந்துவிட்டுப் போனபோது, மனு கொடுக்கவும் மறியல் செய்யவும் தெருவே திரண்டு கிளம்பியது. நான் பஸ்ஸில் அவர்களைத் தாண்டி வேலைக்குப் போனேன். மாற்று வீடுகளைக் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். எதிரெதிரே இருந்தவர்கள் ஊருக்கு வெளியே ஆளுக்கொரு மூலைக்குப் போனார்கள். நாங்கள் அதையும் வேண்டாமென்று ஆமத்தூர் பக்கம் வாடகைக்கு ஒரு வீடு பிடித்தோம். அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார், அம்மா வேலையை விட்டிருந்தாள். டைல்ஸ் தரை, வீட்டுக்குள்ளேயே குழாய். அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள். சாயங்காலம் வாசலில் போய் நின்றாள். எதிரே காலி பிளாட்டில் கல் ஊன்றியிருந்தார்கள்.

ஆமத்தூருக்குச் சத்தம் வராது. செய்தி மட்டும் ஃபோனில் வந்துவிடும். முதல் தடவை வந்தபோது அம்மா சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"தெருவுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோம் தாயி."

எந்தத் தெருவுக்கு என்று கேட்டேன். இடித்துப் போட்ட இடத்தில் யார் இருக்கப் போகிறார்கள், இப்போது எல்லாரிடமும் ஃபோன் இருக்கிறது, நம்பர் வாங்கித் தருகிறேன், பேசிக்கொள் என்றேன். வாங்கித் தரவில்லை. ஆஃபருக்கு ஆஃபர் நம்பரை மாற்றுகிற ஜனங்கள், எங்கே போய்ப் பிடிப்பது என்று எனக்கு நானே ஒரு சாக்கும் சொல்லிக்கொண்டேன். அடுத்த தடவையும் கேட்டாள். அதற்கடுத்த தடவை கேட்டபோது, அந்தப் பழக்கமெல்லாம் தெருவோடு போய்விட்டது என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவள் அந்த இரவு சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

போன தீபாவளி சீசனில், நாரணாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஆபீஸில் வெடித்ததாகச் செய்தி வந்தது. எனக்கு அன்று லீவு. அம்மா மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். நான்தான் வாசித்துச் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேஸை அணைத்தாள். அடுப்பு மேடையைத் துடைத்தாள். போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். எனக்குப் பசி. நானே எழுந்து கேஸைப் பற்றவைத்தேன். தெருவில் இருந்தபோது எதிர்வீட்டு அத்தை அந்தப் பக்கத்து ஆபீஸுக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் கேட்டு நான் மறுத்த நாட்களைக் கூடத் தாங்கிக்கொண்டேன். கேட்பதையே அவள் விட்டுவிட்டதை என்னால் தாங்க முடியவில்லை. கேஸை அணைத்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். கிளம்பு என்றேன். நல்ல குரலில் சொல்லவில்லை.

அங்கே ஒரு ஈ காக்கை இருக்காது, கண்ணால் காட்டிவிட்டுக் கூட்டி வந்துவிடலாம், அதோடு இந்தப் பேச்சு முடிந்தது என்று எண்ணிக்கொண்டுதான் வழி முழுக்க ஓட்டினேன்.

வளாகத்தின் முன்னால் வண்டி நிறுத்துகிற இடத்தில் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஜவுளி எடுக்க வந்த கூட்டம் என்று நினைத்தேன். கிட்டே போனதும்தான் அவர்கள் நின்ற விதம் கண்ணில் பட்டது. எதிரும் புதிருமாக இரண்டு வரிசை. அவரவர் வாசல் இருந்த இடம் அவரவருக்குத் தெரிந்திருந்தது. ஒருத்தி இரண்டு கார்களுக்கு நடுவே ஒடுங்கி நின்றாள். வாட்ச்மேன் எங்களை நோக்கி வந்தார். விரட்டப் போகிறார் என்று நினைத்தேன். எந்த வீடு என்று கேட்டார். தெருக்குழாய்க்கு அடுத்த வீடு என்றாள் அம்மா. அவர் வரிசைப் பக்கம் திரும்பி, அந்த வீடு வந்துவிட்டது என்று சொன்னார்.

அன்று மற்ற எல்லா வீடும் ஏற்கெனவே வந்திருந்தது. வெந்து போனவர்கள் வேறு ஊர்க்காரர்கள். இவர்கள் நின்றது எங்களுக்காக.

எதிர்வீட்டு அத்தை முழுசாக இருந்தாள். சேலைக்கு மேல் போட்ட ஆம்பளைச் சட்டையைக் கூடக் கழற்றாமல் வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். அம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துத் தடவித் தடவிப் பார்த்தாள். அத்தை அழவில்லை. கோபமாக இருந்தாள்.

"எங்கன போனீக மதினி? ஆமத்தூர்ப் பக்கம்னு மட்டுந்தான் தெரியும். ஒவ்வொரு சத்தத்துக்கும் உங்க வீடு ஒண்ணுதான் வரல. ஆளு இருக்கீகளா என்னன்னு தெரியாம நாங்க போயி எப்படி அடுப்பப் பத்த வைக்க? பொளுதடைய நின்னு பாத்துட்டு, பிள்ளைகளுக்குக் கடையில வாங்கிக் குடுத்துப் படுக்கப் போட்டோம்."

யார் இருக்கப் போகிறார்கள் என்று நான் கேட்ட சாயங்காலங்களில் எல்லாம் இவர்கள் இங்கே நின்றிருக்கிறார்கள். நான் அங்கே சாப்பிட்டுக் கை கழுவியிருக்கிறேன். எல்லாம் என்னால்தான் என்று சொல்லிவிட வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"இவ ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டா. எனக்குத்தான் வர மனசு இல்லாமப் போச்சு."

அத்தை அம்மாவின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டைப் பார்த்துக் கிளம்பினார்கள். அம்மா எங்கள் வாசல் இருந்த இடத்தில் போய்த் தனியாக நின்றாள். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.