இல்லாத நாலு மாடி

மதுரை வடக்குவெளி வீதியில் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. கீழே கடைகள், மேலே கல்லூரிப் பையன்கள் தங்கும் அறைகள். அண்ணாந்து பார்க்க அதில் ஒன்றும் கிடையாது. நான் மட்டும் பார்ப்பேன். இரண்டாவது மாடிக்கு மேல் இன்னும் நாலு மாடி வந்திருக்க வேண்டும். வராமல் போனதற்குக் காரணம் நான். எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அன்றைக்கு எனக்கு இருந்தது பச்சைப் பொறாமை. அதற்கு நியாயம், கொள்கை என்று வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை.

அந்தக் கட்டடத்துக்கு வரைபடம் போட்டவன் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். எழுமலைக்காரன். நான் மேலூர்ப் பக்கம். எழுபதுகளின் நடுவில் இரண்டு பேரும் டவுனுக்குள் பல குடித்தனங்கள் இருந்த ஒரு வளவில் ஒண்டியிருந்தோம். ஒரே அறையில் ஏழு பேர். வளவு முழுக்க இருபது முப்பது பேருக்கு ஒரு குளியலறை. விடியுமுன்னே வாளியை வரிசையில் வைத்துவிட்டு வந்து மறுபடி படுப்போம். முதல் நாள் என் வாளியைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் வாளியை வைத்தவன் அவன்தான். சண்டைக்குப் போனேன். "கோவிச்சுக்காத மாப்ள, நீயே மொதல்ல குளி" என்றான். சாதியும் தெரியாது, சொந்தமும் கிடையாது, அன்றிலிருந்து நான் அவனுக்கு மாப்ள. என் கல்யாணத்தன்று மேடையில் ஏறி வந்தும் அப்படித்தான் கூப்பிட்டான்.

பரீட்சை நேரத்தில் அறையில் மூச்சு முட்டும். சாயங்காலமானால் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போய்க் கரைச் சுவரில் உட்கார்ந்து படிப்போம். குளம் பெரும்பாலும் வறண்டு கிடக்கும், உள்ளே பையன்கள் பந்து விளையாடுவார்கள். ஆனால் காற்று வரும். அங்கே ஒருநாள் நான் சொன்னேன், "நம்மள மாதிரி பயலுகளுக்கு ஹாஸ்டல் கட்டுனா ஒசரமாக் கட்டணும்டா. ஆறு மாடி. உச்சியில படிக்கிறதுக்கு ஒரு கூரை. இந்தக் காத்து அங்க வரணும்." அவன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் "கட்டுவோம் மாப்ள" என்றான். நான் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

படிப்பு முடிந்து இரண்டு பேரும் வீட்டுப் பிளான் போட லைசென்ஸ் வாங்கினோம். அவன் மேஜை சிம்மக்கல்லில், என்னுடையது டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில். தொழில் சுத்தத்தில் என்னை அடிக்க ஆள் கிடையாது என்று நானே சொல்லிக்கொள்வேன், பொய்யும் இல்லை. என் கோடு ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே கனம். டிரேசிங் பேப்பரில் தப்பாகப் போன மையைப் பிளேடு வைத்துச் சுரண்டிய தடம் இருக்காது. ஆனால் என்னிடம் வந்ததெல்லாம் காம்பவுண்டுச் சுவரும் செப்டிக் டேங்கும்தான். நாலைந்து வருஷத்தில் நான் வரைந்ததில் பாதி கக்கூஸ். அவனுக்கோ மரம் வரைய வரும், மனிதர்களை வரைய வரும். கட்டடத்தின் முகப்பைப் போட்டு, வாசலில் சைக்கிளோடு ஒருத்தனை நிறுத்திவிடுவான். அதைப் பார்த்ததும் வீடே கட்டி முடிந்த மாதிரி ஆட்களுக்கு மனசு குளிர்ந்துவிடும். நான் ஆள் வரைந்தால் விறகுக்கட்டைக்குச் சட்டை போட்டது போல இருக்கும்.

வடக்குவெளி வீதியில் அந்த இடத்தில் முன்பு இருந்த பழைய சரக்குக் கிட்டங்கி மேலூர்க் கல்குவாரிக்காரர் ஒருவருடையது. ஊர்க்காரர் என்ற முறையில் முதலில் என்னிடம்தான் வந்தார். கிட்டங்கியை இடித்துவிட்டு மாணவர்களுக்குத் தங்குமிடம் கட்ட வேண்டும் என்றார். நான் மூன்று மாடி போட்டுக் காட்டினேன். அதற்கு மேல் போனால் ஊர் என்ன சொல்லுமோ, கார்ப்பரேஷன் ஆபீஸில் என்ன கேட்பார்களோ என்று இழுத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் திரும்ப வரவில்லை. இந்த விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை, அவனிடமும்தான்.

மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுருட்டிய தாளோடு அவன் என் வீட்டுக்கு வந்தான். கூடத்தில் விரித்து நாலு மூலையிலும் டம்ளர் வைத்தான். அதே கிட்டங்கி இடம். தரைத்தளத்துக்கு மேல் ஆறு மாடி, லிஃப்டோடு. கோபுரங்களை விட்டால் மதுரையில் அன்றைக்கு அவ்வளவு உயரத்துக்கு யார் கட்டினார்கள்? முகப்பை வண்ணத்தில் தீட்டியிருந்தான். வராந்தாக் கம்பியில் துண்டு காய்ந்தது. நாலாவது மாடியில் ஒருத்தன் சாய்ந்து நின்று கீழே யாரையோ கூப்பிட்டான். உச்சியில் ஒரு கூரை, அதன் கீழ் உட்கார்ந்து படிக்கும் பையன்கள்.

"பாத்தியா மாப்ள, ஒன் கூரை. தெப்பக்குளத்துல நீ சொன்னது" என்றான்.

திருடிவிட்டு மறைத்திருந்தாலாவது அவனைத் திட்டியிருக்கலாம். என் பேச்சு என்று என்னிடமே சொல்லிக் காட்டினால் என்ன செய்வது? நான் வாயால் கட்டி மறந்துபோனதை அவன் மையால் கட்டிவிட்டான். காபி கொண்டுவந்த என் மனைவி குனிந்து பார்த்து, "இம்புட்டு அழகா இருக்கே! நீங்க ஏன் இப்படி வரையிறதில்ல?" என்றாள். அந்தக் காபியை நான் குடிக்கவில்லை.

"மத்த வேலையெல்லாம் திருப்பி விட்டுட்டேன் மாப்ள. ரெண்டு மாசமா இது ஒண்ணுதான். இது மட்டும் பாஸாகிருச்சுன்னா என் பொழப்பே மாறிரும்" என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கு அன்று முழுக்க அந்த 'பாஸாகிருச்சுன்னா' காதிலேயே நின்றது.

அந்த மாதிரிப் பெரிய கட்டடத்துக்கு அக்கம்பக்கத்தார் ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்று ஆபீஸ் பலகையில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். பெயர் போட்டு எழுதுகிறவர்கள் குறைவு. நம் ஊரில் மொட்டைக் கடுதாசிதான் வழக்கம். பெயரில்லாத மனுவை மதிக்கத் தேவையில்லை என்பார்கள். ஆனால் அதை ஃபைலில் கோக்காமல் விட எந்த எழுத்தருக்கும் தைரியம் வராது. கோத்த பிறகு அதைத் தாண்டிக் கையெழுத்துப் போட எந்த அதிகாரிக்கும் தைரியம் வராது. இது தொழிலில் இருந்த எனக்கு நன்றாகத் தெரியும்.

எழுதினேன். 'பக்கத்து வீட்டார்' எழுதுவது போல எழுதினேன். மேல்மாடிகளிலிருந்து இளவட்டப் பையன்கள் பார்த்தால் எங்கள் முற்றம், எங்கள் பெண்கள் துணி துவைக்கும் இடம் எல்லாம் தெரியும், நாங்கள் எப்படி மானமாகப் பிழைப்பது என்று கேட்டேன். கோபுரத்துக்குப் போட்டியாகக் கட்டலாமா என்று ஒரு வரி சேர்த்தேன். இடது கையால் எழுதினேன். தாளை வேறு கடையில் வாங்கினேன். மேலூருக்கு பஸ் ஏறி, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் பெட்டியில் போட்டேன். அவ்வளவு ஜாக்கிரதை. எந்த மாடியிலிருந்து எந்த முற்றம் தெரியும் என்று ஒரு சின்னப் படமும் வைத்திருந்தேன். படத்தை இடது கையால் போட முடியுமா? அதை மட்டும் வலது கையால், அடிக்கோல் வைத்துப் போட்டேன்.

கொஞ்ச நாளில் அவனுக்கு ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மனுவின் நகலும் படத்தின் நகலும் சேர்ந்தே வந்தன. நேரே என்னிடம் எடுத்து வந்தான். மனுவை என் கையில் கொடுத்து, "யாரு மாப்ள இந்த வேலையப் பாத்திருப்பா?" என்று கேட்டான். நான் எழுதியதை முதல் தடவை படிக்கிறவன் மாதிரி நிதானமாகப் படித்தேன். பிறகு, "பின்னாடி வீட்டு பாய்தான். முற்றம்னு எழுதியிருக்கே, வேற யாரு?" என்றேன். கூசாமல் வந்தது.

பாய் அந்தக் கிட்டங்கிக்குப் பின்னால் மூன்று தலைமுறையாக இருப்பவர், புத்தகம் பைண்டு செய்யும் கடை வைத்திருந்தார். அவன் கையோடு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். பாய் பசைக் கையைத் துடைத்துவிட்டுக் கண்ணாடி போட்டுப் படித்தார். கோபப்படவில்லை.

"நான் ஏன் தம்பி மொட்டையா எழுதணும்? எனக்குப் புடிக்கலன்னா ஒங்க மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டுப் போறேன். பின்பக்கம் சன்னல் வைக்கலன்னு நீங்கதான் அன்னைக்கே வந்து காமிச்சுட்டுப் போனீங்களே. பயலுக தங்கட்டும், நோட்டு பைண்டிங்குக்கு என்கிட்டத்தான வருவானுக" என்றவர், படத்தைத் திருப்பிக் காட்டி, "இம்புட்டு நேரா நான் கோடு போட்டா, என் அட்டையெல்லாம் ஏன் கோணுது?" என்று சிரித்தார்.

அவன் சிரித்துக்கொண்டே படத்தை வாங்கினான். அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தான் என்று நினைக்கிறேன். சிரிப்பு மெல்ல நின்றது. நானும் எட்டிப் பார்த்தேன். படத்தின் மேல் மூலையில் வடக்கு எந்தப் பக்கம் என்று காட்டும் குறி இருந்தது. அம்பில் பாதிக்கு மை அடைத்து, பாதியை வெறுமையாக விட்டு, வாலை மீன் வாலாகப் பிரித்த அம்பு. பாலிடெக்னிக்கில் வடக்கு போடாத ஷீட்டை வாத்தியார் கிழித்துப் போடுவார். அந்தப் பயத்தில் வடக்கு போடாமல் எந்தத் தாளையும் விட்டு என் கை எழுந்திருக்காது. அந்த மீன் வாலோ, மதுரையில் நான் ஒருத்தன்தான் போடுவேன். "ஒன் பிளான் எங்க கெடந்தாலும் இத வச்சே கண்டுபிடிச்சிரலாம்" என்று அவனே எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறான்.

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "சரி, வாரேன் பாய்" என்றான். என்னோடு சிம்மக்கல் வரை நடந்தான். மழை வருமா வராதா என்பதைத் தவிர வழியில் ஒன்றும் பேசவில்லை. அவன் என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் நான் அழுதிருப்பேன். அவன் பேசாமல் நடந்த நடையின் மேலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது, எனக்கென்றால் அந்த நிதானம் வந்திருக்காது.

பாய் சம்மதக் கடிதம் எழுதிக் கொடுத்தும் பயனில்லை. ஃபைலில் கடுதாசி ஏறிவிட்டது. இரண்டு மாடிக்கு மேல் அனுமதி இல்லை என்று உத்தரவு வந்தது. குவாரிக்காரர், சரி, அதையே போட்டுக் கொடு, கீழே கடை வரட்டும் என்று சொல்லிவிட்டார். லிஃப்ட் போயிற்று, கூரை போயிற்று.

ஒரு வாரம் கழித்து மத்தியானம் அவன் என் மாடிக்கு வந்தான். மாற்றி வரைந்த ஷீட்டை என் பலகையில் விரித்தான். இரண்டு மாடி. முகப்பில் மரம் இல்லை, ஆட்கள் இல்லை, நான் போடுகிற பிளான் மாதிரியே வெறும் கோடு. எல்லாம் முடிந்திருந்தது. மேல் மூலை மட்டும் காலியாக இருந்தது.

"வடக்கு மட்டும் நீங்க போட்டுக் குடுங்க. ஒங்களுக்குத்தான் நல்லா வரும்."

பேனாவை எடுத்தேன். மீன் வாலைப் போட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகும். சாதா அம்பைப் போட்டால் மறைக்கிறேன் என்று ஆகும். அவன் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். நான் மீன் வாலையே போட்டேன், ஒரு பக்கம் தடித்துவிட்டது. பிளேடை எடுக்கப் போனேன். "பரவால்ல, இருக்கட்டும்" என்றான். மை காயும் வரை பொறுத்திருந்து, தாளைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டான்.

படியிறங்கும் முன் திரும்பி, கட்டடம் கட்ட வருகிறவர்களிடம் நாங்கள் சொல்வதைப் போல, மரியாதையாகச் சொன்னான்.

"வாரேன் சார்."