ஒன்பது பச்சைப் புள்ளிகள்

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் ஜெயராணிக்கு இது இருபதாவது வருடம். மருத்துவமாது. கொட்டும் மழையிலும் பிரசவ வலி என்றால் ஓடுவாள். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் அவளைக் குறை சொல்ல ஆளில்லை. அந்த நல்ல பெயர்தான் போன செவ்வாய்க்கிழமை அவளைச் சுட்டது.

அன்று கிளினிக்குக்கு மரியகொறற்றி தாய் ஷிராணியுடன் வந்தாள். கொறற்றிக்கு வயது பத்தொன்பது. தாதியர் பயிற்சிக்கான நேர்முகத்தேர்வில், உயரம் இரண்டு சென்டிமீற்றர் குறைவென்று அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மேன்முறையீட்டுக்கு ஒரு கடிதம் வேண்டும்.

"அவங்க சரியா அளக்கல மிஸ்." ஷிராணி பொலித்தீனில் சுற்றி அலுமாரியில் காத்து வைத்திருந்த குழந்தைக்கால வளர்ச்சிக் கொப்பியை விரித்தாள். "எம்புள்ள நிறை எல்லா மாசமும் பச்சைக் கோட்டுலதான். நீங்க வச்ச புள்ளி, பாருங்க."

ஜெயராணி மறுபடி அளந்தாள். அதே இரண்டு குறைவு.

"விடும்மா," கொறற்றி சிரித்தாள். "நம்ம பரம்பரையே குட்டை. கொழுந்துக் கூடைக்கு அளவெடுத்துச் செஞ்ச ஆளுங்க."

பரம்பரையாம்! கம்பளை டவுனில் வளர்ந்த சித்தப்பா மகள் இவளைவிட ஒரு தலை உயரம். பாட்டன் ஒருவன்தான், சோறுதான் வேறு. இரத்தத்தின் மேல் பழி போடுவது எல்லாருக்கும் வசதி. அது எதிர்த்துப் பேசாது.

ஜெயராணியின் கண் ஒன்பது புள்ளிகளில் நின்றது. கொறற்றிக்கு அப்போது இரண்டாவது வயது. அந்த மாதங்களில் ஜெயராணி தராசைத் தூக்கிக்கொண்டு அவர்கள் இருந்த மேல் லயத்துக்கு ஏறவே இல்லை. செங்குத்தான பாதை, அட்டைக்கடி. கொப்பிகளைக் கீழே, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவுக்கு வரவழைத்து, பழைய புள்ளிகளை ஒட்டியே புதிய புள்ளிகளை வைத்தாள். தோட்டத்தின் நாலு பிரிவுக்கும் ஒரே மருத்துவமாதைப் போட்டவர்களை எந்தக் கொப்பியும் காட்டாது. ஆனாலும் பேனை அவள் கையில்தான் இருந்தது.

"எழுதித் தாங்க மிஸ்."

"ஷிராணி, இந்த ஒன்பதும் பொய். நான் நிறை பார்க்காமலே வச்சேன்."

ஷிராணி கொப்பியிலிருந்து நிமிர்ந்தாள். "கீழ் லயத்துல சிவப்புல இருந்த புள்ளைங்களுக்குச் சத்துமா குடுத்தீங்க. எனக்கும் தாங்கன்னு கேட்டேன். 'ஒங்க புள்ள பச்சை, சந்தோஷமா போங்க'ன்னீங்க. நானும் சந்தோஷமாத்தான் போனேன் மிஸ்."

அந்த மா இரண்டு சென்டிமீற்றர் தந்திருக்குமா? இனி யாராலும் சொல்ல முடியாது.

கொறற்றி கொப்பியைத் தன் பக்கம் இழுத்தாள். இப்போது சிரிப்பில்லை. "அப்ப உண்மையில நான் எத்தனை கிலோ இருந்தேன்?"

"தெரியாதும்மா."

"அதையே எழுதித் தாங்க. கையெழுத்தும் போட்டு."

ஜெயராணி பேனையைத் தேடினாள். அது அவள் கையில்தான் இருந்தது.